பின்சீட்டுக்கு அடியில ஒரு பம்ப்

உக்காரும்மா. மேல போர்ஷனைப் பாத்துட்டு வந்த காலோட கெளம்புனா எப்படி? மாடிப்படி கொஞ்சம் செங்குத்து, மூச்சு வாங்குதுல்லா. ஃபேன் போட்டிருக்கேன். பால் அடுப்புல இருக்கு, நான் இங்கன இருந்தே பாத்துக்கிடுவேன்.

காத்து நல்லா வருதுன்னு சொன்ன, அது உண்மைதான். தண்ணியும் நல்ல தண்ணி. முன்ன இருந்தவங்க ஏன் காலி பண்ணாங்கன்னு கேட்ட பாரு, வீடு பாக்க வாரவங்க எல்லாரும் அதைத்தான் கேக்காங்க. கேக்கத்தான் வேணும். நான் ஒளிக்க மாட்டேன், ஒரே வார்த்தையில சொல்லிருவேன். பெட்ரோல் பம்ப்.

சிரிக்காத. பெட்ரோல் போடுத பங்க் இல்ல, காருக்குள்ள இருக்க பம்ப். கீழ போர்டிகோவுல வெள்ளைக் கார் நிக்குல்லா, பழசு, அதுல பின்சீட்டுக்கு அடியிலதான் பெட்ரோல் டேங்க். டேங்குக்குள்ள கைக்கடக்கமா ஒரு மோட்டார் முங்கிக் கெடக்கும். அதுதான் பெட்ரோலை இஞ்சினுக்குத் தள்ளி விடுது. அது நின்னா வண்டி நின்னுது. எனக்கும் இதெல்லாம் முன்னாடி தெரியாது, பட்டப்புறம்தான் தெரிஞ்சுது. அந்தப் பம்ப் மட்டும் ஒரே ஒரு மணி நேரம் தாக்குப் பிடிச்சிருந்தா மேல வீடு இன்னைக்குக் காலியா இருக்காது. நீ இங்க உக்காந்து என் மூஞ்சியப் பாத்துக்கிட்டும் இருக்க மாட்ட.

கார் எங்க வீட்டு சார் வாங்கினது. தேவசகாயம் சார்னா இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும், தாலுகா ஆபீஸ்ல இருந்தாங்க. அவங்க இருக்கும்போது நான் பக்கத்துல உக்காந்து வாரதோட சரி. எங்களுக்குப் பிள்ளை இல்ல. அவங்க தவறினப்புறம் கொழுந்தன்மாருங்க, மதினி, காரை வித்துருங்க, உங்களுக்கு எதுக்குன்னாங்க. எதுக்குன்னு கேட்டாங்க பாரு, அந்த வார்த்தைக்காகவே போய் டிரைவிங் ஸ்கூல்ல சேந்தேன். கூடப் படிச்சதெல்லாம் காலேஜ் பிள்ளைங்க. எல்லாரையும் விட நான்தான் முதல்ல படிச்சேன்.

படிச்சிட்டு வந்து பாத்தா, போறதுக்கு இடம் இல்ல. சர்ச் ரெண்டு தெரு தள்ளி. கடை எதுத்தாப்புல. சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனா, இவ ஏன் வந்தான்னு பாக்காங்க. அதனால காலையில எடுத்து பக்கத்துல இருக்க மைதானத்தை ஒரு சுத்து சுத்திட்டு வந்து நிப்பாட்டிருவேன். வண்டின்னா ஓடணும்லா. சும்மா நின்னா கெட்டுப் போகும்.

அப்பதான் பிரம்மசக்தி வந்தா. அவ பேரு அதுதான், உடன்குடிப் பிள்ளை. வீட்டுக்காரன் சுயம்பு, கங்கைகொண்டான்ல ஒரு கம்பெனியில ஷிப்ட் வேலை. நல்ல பையன், அதிகம் பேச மாட்டான். வந்த ரெண்டாவது மாசமே மாடியில வாந்தி எடுக்குத சத்தம் கேட்டுச்சு. நான் கீழ நின்னே சொல்லிட்டேன், எத்தனை மாசம்னு. அவ பதறிப் போயிட்டா. அவ அம்மைக்கே இன்னும் சொல்லலையாம்.

அன்னையில இருந்து அவளை பைக்ல ஏற விடல. சுயம்புட்டயே நேரா சொல்லிட்டேன், தம்பி, பிள்ளை உண்டான பொண்ணை பைக்ல வச்சிக் குலுக்காத, நான் இருக்கேன், கார் இருக்கு. ஆஸ்பத்திரிக்கு, ஸ்கேனுக்கு, தையக்காரிகிட்ட, காய்கறிக்கு, எல்லாத்துக்கும் நான்தான். அவ மாடியில செருப்பு போடுத சத்தம் கேட்டாப் போதும், நான் கேட்டைத் தெறந்து வண்டியை வெளிய எடுத்துருவேன். அவ கூப்பிடவே வேண்டாம்.

ஒரு நாளு எனக்குத் தெரியாம நடந்து போயி, முக்குல ஷேர் ஆட்டோவுல ஏறப் போனா. நான் எதுத்த கடையில சீனி வாங்கிட்டு நின்னேன், பாத்துட்டேன். சீனியை அப்படியே வச்சிட்டு வண்டியை எடுத்துட்டுப் போயி ஆட்டோவை மறிச்சிட்டேன். அவளுக்கு மூஞ்சி ஒரு மாதிரி ஆயிட்டு. ஆன்ட்டி, உங்களுக்கு எதுக்குத் தொந்தரவுன்னு நெனச்சேன்னா. அந்த மாதிரி குணம். பிறத்தியாருக்குக் கஷ்டம் குடுக்கக் கூடாதுன்னு நெனைக்கிற பிள்ளை. நான் அவளை என்னைய அம்மான்னே கூப்பிடச் சொல்லியிருந்தேன். கடைசி வரைக்கும் ஆன்ட்டிதான். கூச்சம்.

எப்பவும் பின்சீட்டுலதான் உக்கார வைப்பேன். முன்னாடின்னா பெல்ட் வயித்தை அமுக்கும். கண்ணாடியைத் திருப்பி வச்சிக்கிட்டா மூஞ்சி தெரியும், பேசிக்கிட்டே போலாம். ஒவ்வொரு தடவையும் உளுந்தும் கருப்பட்டியும் போட்டு உருண்டை பிடிச்சு டப்பாவுல குடுப்பேன். அவளுக்குச் சுகர் கொஞ்சம் கூடுதல், இனிப்பு ஆகாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருந்தா. இந்தக் காலத்து டாக்டருக்கு என்ன தெரியும்? கருப்பட்டி சீனி இல்லல்லா. இடுப்பு எலும்புக்கு உளுந்தை விட்டா வேற என்ன இருக்கு? பிள்ளை கண்ணாடியில பாத்துக்கிட்டே மெதுவா வாயைத் தொடச்சிக்கிடுவா. ரெண்டு உருண்டை குடுத்தா ரெண்டும் காலி. ஒரு நாள்கூட மீதி வச்சதில்ல.

பெட்ரோல் மட்டும் நான் கொஞ்சம் கொஞ்சமாத்தான் போடுவேன். மொத்தமாப் போட்டுட்டா அப்புறம் பங்குக்குப் போக வேண்டாம்லா. பங்குல வரிசையில நிக்கும்போதுதான் அவ மனசு விட்டுப் பேசுவா. வேற எங்கயும் நிப்பாட்டுனா, நேரமாச்சு ஆன்ட்டிம்பா. அங்க நின்னுதானே ஆகணும். அவ படிச்ச காலேஜ், அவ அப்பா செத்த கதை, சுயம்பு வீட்டுல முதல்ல ஒத்துக்கிடாத கதை, எல்லாம் அங்க நின்னு கேட்டதுதான்.

ஆறாவது மாசம் வாக்குல பின்னால இருந்து ஒரு சத்தம் வர ஆரம்பிச்சுது. கொசு காதுல கத்துன மாதிரி, கீன்னு. அவதான் முதல்ல சொன்னா, சீட்டுக்கு அடியில என்னமோ கத்துது ஆன்ட்டின்னு. மேலப்பாளையத்துல மீரான்னு ஒரு மெக்கானிக், சார் காலத்துல இருந்து அவன்தான். காதை வச்சிக் கேட்டுட்டு, பெட்ரோல் பம்ப் போகப் போகுதும்மா, ரெண்டு நாள் வண்டியை விட்டுட்டுப் போங்க, மாத்திருவோம்னான். அப்பவே ஒரு பாடம் நடத்துனான் எனக்கு. அந்த மோட்டார் பெட்ரோலுக்குள்ள முங்கி இருந்தாத்தான் சூடாகாதாம். டேங்கைக் காயப் போட்டு ஓட்டுனா கருகிப் போயிருமாம். நான் எத்தனை வருசமா ஓட்டுதேன், எனக்குச் சொல்லுதான்.

நான் வண்டியை விடல. எப்படிம்மா விட முடியும்? ரெண்டு நாள் வண்டி இல்லைன்னா அந்தப் பிள்ளை என்ன செய்வா? ஆட்டோவுலதான் போவா. ஒரு தடவை ஆட்டோவுல போயிப் பழகிட்டான்னு வையி, அந்தக் குலுக்கு வயித்துக்கு ஆகுமா? சுயம்பு கூட ரெண்டு மூணு தடவை சொன்னான். ஆன்ட்டி, வண்டியை முதல்ல சரி பண்ணுங்க, அது வரைக்கும் நாங்க பாத்துக்கிடுதோம்னு. மரியாதைக்குச் சொல்லுதான். அதுக்காக நம்ம அப்படியே விட்டுர முடியுமா?

வளைகாப்பு போட்டதும் உடன்குடிக்குக் கூட்டிட்டுப் போறதாத்தான் இருந்தது. அவ அம்மா வந்து நின்னா. நான்தான் பேசி நிப்பாட்டினேன். சுகர் இருக்க பிள்ளை, ராத்திரி பகல்னு பாக்காம ஓடணும்னா உடன்குடியில என்ன வசதி இருக்கு, இங்கன்னா ஆஸ்பத்திரி பக்கத்துல, வண்டி வாசல்ல. அந்தம்மா யோசிச்சா. பிரம்மசக்தி அவ அம்மா மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தா. கடைசியில அந்தம்மா, சரி, தேதி நெருங்கும்போது நானே வந்து இருக்கேன்னு சொல்லிட்டுப் போனா. அடுத்த வாரமே அந்த அம்மா வந்து மாடியில நின்னுருமோன்னு நெனச்சேன், நல்லவேளை, கடைசி வரைக்கும் வரல.

பாலு பொங்குது, இரு.

இந்தா, காப்பி குடி. சூடா இருக்கு.

அன்னைக்கு ஞாயித்துக்கிழமை. சர்ச் முடிஞ்சு வந்து சேலை கூட மாத்தல. மேல இருந்து ஆன்ட்டின்னு ஒரு சத்தம். அவ அப்படிக் கூப்பிட்டதே கெடையாது. ஓடிப் போயிப் பாத்தா கட்டில் காலைப் பிடிச்சிக்கிட்டு நிக்கா. அவ அம்மா மறுநாள்தான் வாரதா இருந்தது. சுயம்பு ஷிப்டுல. போன் போட்டா, ஆன்ட்டி, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க, நான் நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துருதேன்னான். ஆம்புலன்ஸ் வாரதுக்குள்ள நானே போய்ச் சேந்துருவேன்னு சொல்லி வச்சிட்டேன். எட்டு மாசமா எதுக்கு வண்டியை வாசல்ல வச்சிருக்கேன்? இதுக்குத்தானே?

குலவணிகர்புரம் ரயில்வே கேட் உனக்குத் தெரியும்லா. அடைச்சிருந்தான். அடைச்சா அங்க லேசுல தெறக்க மாட்டான், ஒரு ரயில் போயி, இன்னொண்ணும் வரணும்னு நிக்க வேண்டியது. முன்னால பஸ்ஸு, பின்னால லாரி. வெயில்னா வெயில். பிள்ளை பின்னால முனகுது. ஏசி போட்டு, இஞ்சினை ஓட விட்டே வச்சிருந்தேன். கண்ணாடியில பாத்துப் பாத்துப் பேச்சு குடுத்தேன், மூச்சை இழுத்து விடு மக்களே, இந்தா ஆச்சுன்னு. அவ கையில போன் இருந்தது. யாருக்கோ போட்டுக்கிட்டே இருந்தா.

கேட் தெறந்தது. கியர் போட்டு நகத்துனேன். ரெண்டு குலுக்கு குலுக்கிச்சு. நின்னுட்டு.

சாவியைத் திருப்புதேன், திருப்புதேன், இஞ்சின் சுத்துது, பிடிக்க மாட்டேங்கு. அந்தக் கீச்சுச் சத்தம் இல்ல. அதை நான் கவனிச்சேன் பாத்துக்க. எத்தனையோ நாளா கேட்டுக்கிட்டே இருந்த சத்தம்லா. பின்னால எல்லாரும் ஹாரன் அடிக்கான். ஒருத்தன் ஜன்னலைத் தட்டித் திட்டுதான். நான் சாவியை விடவே இல்ல. இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரு தடவைன்னு.

அப்ப ஒரு மீன்காரி. கேட் ஓரமா கூடையோட நின்னவ. பேரு சந்தனமாரியாம், அப்புறம்தான் தெரியும். பின்கதவைத் தெறந்து ஒரு பார்வை பாத்தா. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. எதுக்க வந்த ஆட்டோவைக் கையைக் காட்டி நிப்பாட்டினா, கூடையை ரோட்டுலயே போட்டா, பிள்ளையைக் கக்கத்துல கையக் குடுத்துத் தூக்கிட்டா.

நானும் இறங்கி ஓடுனேன். ஆட்டோவுல ஒரு காலை வச்சிட்டேன். பிரம்மசக்தி கம்பியைப் பிடிச்சிக்கிட்டு இருந்தா, முகமெல்லாம் வேர்வை. என்னையப் பாத்து, “ஆன்ட்டி, நீங்க வேண்டாம். நீங்க வண்டியைப் பாருங்க”ன்னா.

அந்த வலியிலயும் பாரு. பிள்ளை பெறப் போற நேரத்துல எந்தப் பொண்ணுக்காவது அடுத்தவ வண்டியைப் பத்தி நெனப்பு வருமா? நடு ரோட்டுல கார் நிக்கே, ஆன்ட்டி தனியா என்ன செய்வாங்கன்னு நெனச்சிருக்கா. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. காலை எடுத்தேன். ஆட்டோ போயிட்டு.

நாலு பேரு சேந்து காரை ஓரமாத் தள்ளி விட்டாங்க. மீன் கூடையைத் தூக்கி, அம்மா, இதையும் பாத்துக்கிடுங்கன்னு டிக்கியில வச்சிட்டாங்க. நான் காருக்குள்ளயே உக்காந்திருந்தேன். கூடையைப் போட்டுட்டுப் போகவும் முடியல, அவ யாரு, எங்க வந்து கேப்பான்னும் தெரியல. ரயில் போகுது, கேட் அடைக்கான், தெறக்கான். சுயம்புக்குப் போன் போட்டா எடுக்கல. மீன் நாத்தம் வர ஆரம்பிச்சிட்டு. வெயில் சாய்ஞ்சப்புறம்தான் அவனே போன் போட்டான். பொம்பளப் பிள்ளை, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்கன்னான். ஆட்டோவுல ரொம்பக் குலுக்குச்சான்னு கேட்டேன். நீங்க வீட்டுக்குப் போங்க ஆன்ட்டின்னான்.

மறுநாள் பஸ்ஸுல ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவ அம்மா வந்திருந்தா. தாயும் பிள்ளையும் தூங்குதாங்கன்னு வராந்தாவுலயே வச்சிப் பேசி அனுப்பிட்டா. தூங்குத பிள்ளைய எழுப்பக் கூடாதுல்லா. ஆனா உள்ள பேச்சுச் சத்தம் கேட்டுச்சு. டிவியா இருக்கும்.

அப்புறம்தான் பம்பை மாத்தினேன். மீரான் கயிறு கட்டி இழுத்துட்டுப் போயி, ரெண்டு நாள் வேலைன்னான். இந்தத் தடவை நான் அவசரப்படுத்தல. அங்கயே ஒரு ஸ்டூலைப் போட்டு உக்காந்துட்டேன். வீட்டுக்கு வந்து என்ன செய்ய? மேல வீடு பூட்டிக் கெடக்கு. ஆஸ்பத்திரியில இருந்து நேரா உடன்குடிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க.

பின்சீட்டை அப்படியே கழத்தித் தூக்கி வெளிய வச்சான். அதுக்கு அடியில ஒரு வட்ட மூடி, அதுக்குள்ளதான் பம்ப். மூடியைத் தெறக்க விடாம அங்க என்னமோ கெடந்தது. காகிதத்துல சுத்தின பொட்டலம். ஒண்ணு இல்ல, சீட்டு இடுக்கு முழுக்க. எறும்பு மொச்சிக்கிட்டு. மீரான் ஒண்ணைப் பிரிச்சிப் பாத்துட்டு, இது என்னம்மா, கல்லு மாதிரி இருக்குன்னான். எனக்குப் பாத்ததுமே தெரிஞ்சிட்டு. உளுந்தங்கருப்பட்டி உருண்டை. என் கை விரல் பதிஞ்சது அப்படியே காஞ்சி போயிருந்தது. எலி கொண்டு வந்து போட்டிருக்கும்னு சொன்னேன். எலி காகிதத்துல சுத்தியாம்மா வைக்கும்னு அவன் சிரிச்சான். நான் சிரிக்கல.

பாவம்மா அந்தப் பிள்ளை. வண்டி ஓடும்போது சாப்பிட்டா கொமட்டியிருக்கும். சொன்னா நான் சங்கடப்படுவேன்னு, ஒவ்வொரு தடவையும் சுத்திச் சுத்தி அங்க வச்சிருக்கா. சொல்லியிருந்தா நான் வீட்டுலயே வச்சிக் குடுத்திருப்பேன்லா. அவ்வளத்தையும் நானே பொறுக்கி ஒரு பையில போட்டு வச்சேன். மெக்கானிக் கடையில சாப்பாட்டுப் பொருளைக் குப்பையில போட மனசு வரல.

பம்பை வெளிய எடுத்தப்ப ஒரே பெட்ரோல் வாடை. கரிப்பிடிச்சுப் போயிருந்தது. இவ்வளவுதானா, இந்தச் சின்னச் சாமானான்னு இருந்தது எனக்கு. புதுசு மாட்டி, சாவியைப் போட்டதும் ஒரு விநாடி மெதுவா முனகிட்டு அடங்கிட்டு, அப்படித்தான் இருக்கணுமாம். இஞ்சின் ஒரே தட்டுல பிடிச்சுது. அன்னைக்கு டேங்கை நெறப்பினேன், முதல் தடவையா.

தொட்டில் போடுத விசேஷம்னு சுயம்பு போன் பண்ணினான். ஆன்ட்டி, சொந்தக்காரங்களை மட்டும் வச்சி சின்னதாப் பண்ணுதோம், தப்பா எடுத்துக்காதீங்கன்னான். நான் ஏன் தப்பா எடுக்கேன்? சொந்தக்காரங்க மட்டும்னா என்னையச் சேத்துத்தானே. பிள்ளைக்கு வெள்ளிக் கொலுசு வாங்கிக்கிட்டு, உடன்குடி வரைக்கும் தனியா ஓட்டிட்டுப் போனேன். அவ்வளவு தூரம் நான் அது வரைக்கும் ஓட்டினதே இல்ல. வழியெல்லாம் பனை. வண்டி சத்தமே இல்லாம ஓடுச்சு.

பந்தல் போட்டிருந்தாங்க. சின்னதா ஒண்ணும் இல்ல, ஊரே சாப்பிட்டுது. நான் உள்ள போனதும் எல்லாரும் ஒரு நிமிசம் பேச்சை நிப்பாட்டிட்டாங்க. அப்புறம் அவ அம்மாதான் வாங்கன்னு கையைப் பிடிச்சி உக்கார வச்சா. நடு வீட்டுல பிள்ளையை மடியில வச்சிக்கிட்டு யாரு இருக்கான்னு நெனைக்க? அந்த மீன்காரி. புதுச் சேலை, நல்ல பட்டுக் கரை. அவ வீட்டைத் தேடிப் போயி அழைச்சிருக்காங்க. எட்டு மாசம் நான் கொண்டு போயிக் கொண்டு வந்தேன், அவ ஒரே ஒரு தடவை ஆட்டோவுல வந்தா. சரி, அதெல்லாம் நான் மனசுல வைக்கல. அவளுக்கு என்னைய அடையாளம் தெரியல. மீன் கூடையைப் பத்திச் சொன்னதும்தான் தெரிஞ்சுது.

அவகிட்டதான் கேட்டேன், அன்னைக்கு ஆட்டோவுல பிரம்மசக்தி எப்படி வந்தான்னு. சந்தனமாரி சொன்னா, “என் கையை விடவே இல்லம்மா. அம்மா, அம்மான்னே சொல்லிட்டு வந்தா.” எனக்கு மேலெல்லாம் சிலுத்துட்டு. எத்தனை மாசம் சொல்லியும் அம்மான்னு வராதவ. நான் பக்கத்துல இல்லைன்னதும் வாயில வந்திருக்கு பாரு.

சாப்பாடு முடிஞ்சு கூட்டம் கலைஞ்சப்புறம் பிரம்மசக்தி வெளிய வந்தா. நான் கார்கிட்ட நின்னேன். பிள்ளையை அவளா என் கையில தந்தா. நான் கேக்கல, அவளா தந்தா. வெயிட்டே இல்லம்மா, பஞ்சு மாதிரி. என் விரலைப் பிடிச்சிக்கிட்டு தூங்கிட்டு. பின்கதவைத் தெறந்து வச்சிக்கிட்டு, ஏறு மக்களே, பிள்ளையை வச்சிட்டு கடற்கரை வரைக்கும் ஒரு சுத்து போயிட்டு வந்துருவோம்னேன். அவ கதவு மேல கையை வச்சிக்கிட்டு உள்ள பாத்தா. அந்தச் சீட்டையே பாத்துக்கிட்டு நின்னா.

“ஆன்ட்டி, அன்னைக்கு நான் ரொம்பப் பயந்துட்டேன்”னா.

நான் சொன்னேன், “பம்பை மாத்தியாச்சு. இனிமே பயப்பட ஒண்ணுமே இல்ல.”

அவ என்னையப் பாத்தா. அப்புறம் மெதுவா, “நாங்க வீடு மாத்தலாம்னு இருக்கோம் ஆன்ட்டி”ன்னா. பிள்ளையைக் கையை நீட்டி வாங்கிக்கிட்டா. அதுதான் என் விரலை விட மாட்டேன்னுட்டு, அது விரலை ஒவ்வொண்ணா எடுக்க வேண்டியதாப் போச்சு.

பயம்மா. ஒரு தடவை வண்டி காலை வாரிட்டுன்னா அப்புறம் நம்பிக்கை வராது. இஞ்சினை ஸ்டார்ட் பண்ணிக் காட்டுனேன், ஆஃப் பண்ணினேன், மறுபடியும் காட்டுனேன். தலையை ஆட்டுனா. ஏறல. சுயம்பு வந்து, இருட்டுறதுக்குள்ள போயிருங்க ஆன்ட்டின்னு பத்திரமா வழி சொல்லி அனுப்பி வச்சான்.

காலி பண்ண அவன்தான் கூட்டாளிகளோட வந்தான். அவ வரல, கைப்பிள்ளையோட எப்படி வருவா? சாமானை ஏத்தும்போது நான் ஒவ்வொருத்தனுக்கா மோர் குடுத்தேன். கடைசியில சாவியைக் குடுத்துட்டு சுயம்பு என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். எங்க வீடு பாத்திருக்கீங்கன்னு கேட்டேன். இன்னும் முடிவாகலைன்னான். லாரி நிறைய சாமானை ஏத்திட்டு, எங்க போகணும்னு முடிவாகலைங்கான். வெகுளி.

மேல ஹால்ல உத்தரத்துல ஒரு கொக்கி பாத்தியா? புதுக் கொக்கி. நான்தான் ஆளை வச்சி அடிக்கச் சொன்னேன், தொட்டிலுக்கு. அவங்க அதைப் பாக்கவே இல்ல. உனக்கு வேண்டாம்னா துணி காயப் போடக் கயிறு கட்டிக்கிடலாம்.

நீ மட்டும்தான் வந்திருக்க, வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருக்காரோ? அவர்ட்ட கேட்டுட்டுச் சொல்லு, அவசரமில்ல. உனக்கு முன்னாடி வீடு பாக்க வந்தவங்களும் கேட்டுட்டுச் சொல்லுதேன்னுதான் போனாங்க, என்ன கேட்டாங்களோ தெரியல. இதே காப்பிதான் குடுத்தேன், இதே கதைதான் சொன்னேன். ஒளிக்காமச் சொல்லணும்லா. வாடகை அதிகம்னு தோணுச்சுன்னா வாயைத் தெறந்து சொல்லு, கொறச்சிக்கிடுவோம். சும்மாகூட இருக்கலாம், எனக்கு என்ன வந்தது? மேல நாலு கால் நடக்குத சத்தம் கேக்கணும், அவ்வளவுதான்.

கெளம்பிட்டியா? டம்ளரை அங்கயே வை, நான் எடுத்துக்கிடுதேன். பஸ் ஸ்டாப்புக்குத்தானே, இரு, வண்டியை எடுக்கேன்.

வேண்டாமா? பக்கம்தான், நடந்துருவேங்கியா? சரி. வேண்டாம்னா வேண்டாம், நான் யாரையும் வற்புறுத்த மாட்டேன். கார் இங்கயே நிக்கட்டும்.

செருப்பு போட்டுக்கிடுதேன், ஒரு நிமிசம் நில்லு. நானும் அங்க வரைக்கும் சும்மா நடந்து வாரேன். முக்குல ரோடு வெட்டிப் போட்டிருக்கான், உனக்கு வழி தெரியாது. கதவைச் சாத்த வேண்டாம், யாரு வரப் போறா?

மெதுவா நடம்மா. பஸ் போனா அடுத்த பஸ் வரும், அது வரைக்கும் நான் கூட நிக்கேன்.